வாய்க்கால் காய்ந்தால் நின்றுபோகும் மிஷின்

எங்கள் வீட்டில் ஒரு மிஷின் இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் அது ஓடும். வாய்க்கால் காய்ந்தால் அதுவும் படுத்துவிடும். சொன்னால் சிரிப்பார்கள். மன்னார்குடியில் ஒருவன் என் முகத்துக்கு நேராகவே சிரித்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கே புரிவதற்கு ஒரு கோடை பாதி போய்விட்டது.

பெரிய மிஷின் இல்லை. சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சின்ன மோட்டார். கிண்ணத்தில் மருந்தை ஊற்றி சுவிட்சைப் போட்டால் மருந்து புகையாகிக் குழாய் வழியாக முகமூடிக்கு வரும். டாக்டர் அதை நெபுலைசர் என்றார். நாங்கள் ஆவி மிஷின் என்றோம். என் வீட்டுக்காரருக்கு மூச்சே அதுதான். ரைஸ் மில்லில் உமித் தூசியைத் தின்று தின்று நெஞ்சு போய்விட்டது. இளைப்பு வந்தால் உட்கார்ந்து இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுவார். மிஷினைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் தோள் இறங்கும். அதற்குப் பிறகுதான் பேச்சு வரும். பேச்சு வந்தால் கிண்டலும் வரும்.

ஐப்பசி மழையில் வாங்கினோம். தை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. மாசியில் உர்ரென்று முனக ஆரம்பித்தது. புகை வரவில்லை. பையில் போட்டுக்கொண்டு மன்னார்குடி கடைக்குப் போனேன். கடைக்காரன் சுவிட்சைப் போட்டான். புகை கொட்டியது.

"பாருங்கக்கா, ஜம்முனு ஓடுது."

"வீட்டுல ஓடலப்பா."

"அப்ப அதுக்கு மன்னார்குடி புடிச்சுப்போச்சு. இங்கயே ஒரு வீடு பாத்துக்கங்க."

வீட்டுக்கு வந்தேன், மறுபடி முனகல். திரும்பப் போனேன், அங்கே ஓடியது. மூன்றாம் முறை அவன் சிரிக்கவில்லை. "மிஷின்ல ஒண்ணும் இல்லக்கா. வீட்டுல மத்ததெல்லாம் எப்படி ஓடுதுன்னு பாருங்க" என்றான்.

பார்த்தேன். அரசாங்கம் கொடுத்த மிக்சி தேங்காயை அரைக்காமல் புரட்டிக்கொண்டிருந்தது. ஃபேன் றெக்கையை எண்ணிவிடலாம். குண்டு பல்பு நெருப்புத் துண்டு மாதிரி சிவந்து கிடந்தது. பிளக்கை மாற்றினேன். வயரை மாற்றினேன். பக்கத்து வீட்டில் கொண்டுபோய்ப் போட்டேன், அங்கேயும் முனகல்தான். தெரு முழுக்க இப்படித்தான். கோடையில் கரண்ட் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் பேசாமல் இருந்தோம். வயலுக்கு அந்தப் பக்கம் மிராசுதார் வீட்டில் மட்டும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. அவருக்குத் தனி கரண்டா வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

பங்குனியில் ஒருநாள் என் வீட்டுக்காரருக்கு இளைப்பு. மிஷின் முனகிக்கொண்டிருந்தது. திடீரென்று சர்ரென்று வேகம் எடுத்துப் புகை கொட்டியது. முகமூடிக்குள்ளிருந்து அவர் கேட்டார்: "என்ன புள்ள பண்ணின?"

"நான் ஒண்ணும் பண்ணலியே."

வெளியே போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி கழுநீர்த் தொட்டியை வாய்க்கால் கரையில் கவிழ்த்துவிட்டு நின்றாள். அவள் கொட்டிய இடத்தில் ஒரு கடப்பாரை புதைந்திருந்தது. அதன் கொண்டையில் ஒரு கம்பி சுற்றியிருந்தது. அந்த இடத்துப் புல்லை மட்டும் எங்கள் ஆடுகள் தொடாது. காரணம் அப்போதுதான் புரிந்தது.

அந்தக் கடப்பாரையை இறக்கியது எங்கள் தெருதான். கரண்ட் ஒரு கம்பியில் வந்து இன்னொரு கம்பியில் திரும்பிப் போக வேண்டும். எங்களுக்கு இரண்டும் மிராசுதார் வயலைத் தாண்டித்தான் வந்தன. சில வருடம் முன்னால் அவருடைய அறுவடை மிஷின் இடித்துக் கீழ்க் கம்பி, அதாவது திரும்பிப் போகிற கம்பி, அறுந்தது. மறுபடி இழுக்க வயலில் காலை வைக்கக்கூடாது என்றார். எங்கள் தெரு இருக்கிற இடம் தன்னுடையது என்று அவர் கேஸ் போட்டிருந்த நேரம் அது. எங்களிடம் மனைப்பட்டா இருந்தது. எத்தனை ஆட்சி மாறினாலும் மேடைக்கு மேடை அந்தப் பட்டாவைச் சொல்லித்தான் எங்களிடம் ஓட்டு வாங்கினார்கள். கேஸ் என்றதும் ஒரு கொடிக்காரனையும் காணவில்லை. தெருவுக்காகக் கேஸில் முதல் பேராக நின்றது என் வீட்டுக்காரர்.

விளக்கில்லாமல் எத்தனை நாள் இருப்பது? தெருவில் வயரிங் தெரிந்த ஒருவர், "போற கம்பி இல்லாட்டி என்ன, பூமி இருக்குல்ல" என்று சொல்லி, கரையில் கடப்பாரையை அடித்து இறக்கிக் கம்பியைக் கட்டினார். விளக்கு எரிந்தது. கை தட்டினோம். கரை ஈரமாக இருக்கிறவரை பூமி கரண்டை வாங்கிக்கொண்டது. காய்ந்ததும் வாங்கவில்லை. இவ்வளவுதான் விஷயம். கரண்ட் ஆபீஸில் புகார் கொடுத்தால் வந்து கடப்பாரையைப் பார்த்துவிட்டு மொத்த லைனையும் பிடுங்குவார்கள். புதிதாக இழுக்க மறுபடி மிராசுதார் தலையாட்ட வேண்டும்.

அதனால் தண்ணீர் ஊற்றினேன். வீட்டுக்காரருக்கு இளைப்பு வரும்போதெல்லாம் ஒரு குடம். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் போவேன். வெறுங்காலோடு போனால் ஈர மண் எறும்பு மாதிரி கடிக்கும். ஊற்றியதும் உள்ளே சத்தம் மாறும். அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன்.

சித்திரையில் அடிபம்பிலும் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. மிராசுதாரிடம் போனேன்.

"வரப்போரமா ஒரு கம்பி இழுத்துக்க விடுங்கய்யா. வயல்ல இப்ப ஒண்ணும் இல்ல."

"ஒம் புருசன்தானே கேஸ்ல மொத ஆளு?"

"ஆமாங்க."

"மனை ஒங்களுது இல்லன்னு ஒரு கையெழுத்து போடச் சொல்லு. கம்பி என்ன, போஸ்ட்டே நட்டுத் தர்றேன்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். போட்டுத் தொலையுங்கள் என்றும் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

"நான் மூச்சு விடறதுக்குத் தெருவே வெளில போவணுமா?" என்றார்.

"தெரு என்ன ஒங்களுக்குப் பொண்டாட்டியா?"

"தெரு எங்க தண்ணி ஊத்துது? நீதானே ஊத்துற. அப்ப நீதான் பொண்டாட்டி." சிரித்தார். சிரித்ததில் இளைப்பு வந்தது. திட்டிக்கொண்டே குடத்தை எடுத்தேன்.

அந்த மாதக் கடைசியில் ஒரு மத்தியானம். அடிபம்பில் காற்றுதான் வந்தது. பக்கத்து வீடுகளில் குடங்கள் கவிழ்ந்து கிடந்தன. அவர் முகமூடியைப் போட்டுக்கொண்டு முட்டியில் கை ஊன்றி உட்கார்ந்திருந்தார். மிஷின் முனகியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு, அது வருவதற்குள் ஒரு குடம் ஊற்றிவிடலாம் என்று ஓடினேன். தண்ணீர் இருந்தது ஒரே இடத்தில்தான், மிராசுதாரின் போர்வெல் மோட்டார் கொட்டகையில். வயலைத் தாண்டி ஓடிப் பிடித்துவந்தேன். ஊற்றினேன். உள்ளே சர்ரென்று சத்தம் எழுந்தது.

"ஓடுது, நல்லா இழுத்து விடுங்க" என்று வெளியில் இருந்தே கத்தினேன்.

உள்ளே போனேன். சுவரில் சாய்ந்திருந்தார். கைகள் முட்டியில் இல்லை. முகமூடியின் ஓரத்தில் புகை தானாக வெளியே வந்துகொண்டிருந்தது. இழுக்க ஆள் இல்லை. ஆட்டோ வாசலில் வந்து நிற்கும்வரை மிஷினை நிறுத்தத் தோன்றவில்லை.

கருமாதி முடிந்ததும் மிராசுதார் வீட்டுக் காரியஸ்தர் வந்தார். வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டுத் துக்கம் விசாரித்தார்.

"ஐயா மனசு எறங்கிட்டாரும்மா. கம்பி இழுத்துக்கச் சொன்னாரு."

"கையெழுத்து?"

"கேஸ் இப்ப ஒம் பேருக்குல்ல வரும். நீ போட்டாப் போதும்."

அவருடைய மூச்சு அடங்கி மாதம் முடியவில்லை. அந்த மிஷின் மருந்து வாடை போகாமல் மூலையில் கிடந்தது. போட்டுத் தொலையுங்கள் என்று அவரிடம் சொன்ன அதே வாய்தான் எனக்கு. ஆனால் இந்த ஆளிடம் அது வரவில்லை.

"தண்ணி ஊத்திக்கிறோம்னு சொல்லுங்க" என்றேன்.

ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. யாரும் ஒரு குடமும் ஊற்றவில்லை. இந்தத் தண்ணீர் சித்திரையில் எங்கே போயிருந்தது?