மாணிக்கம் அண்ணன் மாற்றிக் கேட்ட கிளாஸ்கள்

தலவாக்கலை பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது மனைவி அழைத்தாள். ஹட்டன் பழைய சாமான் கடை மாணிக்கம் அண்ணன் காலையில் நெஞ்சுவலியில் போய்விட்டாராம். கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் எந்தெந்த வீடு பாக்கி என்றுதான் மனம் அடித்துக்கொண்டது.

அவரை அறிந்தவர்களுக்கு அந்தக் கிளாஸ்களும் தெரியும். தோட்டத்துப் பங்களாக்களில் சாமான் ஏலம் என்றால் முதல் ஆளாகப் போய், தங்க விளிம்பும் சிவப்புப் பூவும் போட்ட பழைய சீமைக் கிளாஸ்களை அள்ளி வருவார். விற்றதைவிடக் கொடுத்ததே அதிகம். தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம் என்றால் ஒரு ஜோடி நிச்சயம். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் அவை ஷோகேஸில் இருக்கும். விருந்தாளிக்கும் செல்லப் பிள்ளைக்கும் புளிப்பான தேசிக்காய்த் தண்ணீர் கொடுக்க மட்டும் கீழே இறங்கும்.

போன வருடம் கொழும்பிலிருந்து வந்த ஒருவர், இவற்றை அழகுக்கு வையுங்கள், குடிக்காதீர்கள், பூச்சாயத்தில் ஈயம் இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வியாபாரத்தைக் கெடுக்கிறான் என்று திட்டிக்கொண்டே அண்ணன், இரசாயனம் படிப்பிக்கிற என்னிடம் வந்தார். பழைய சாயங்களில் அது இருப்பதுண்டு, பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, புளிப்புப் பட்டால் கூடுதலாகக் கரையும், சிறுபிள்ளைகளின் மூளைக்குத்தான் பெரிய கேடு என்றேன். அவர் முகம் செத்துப்போனது.

"அப்ப நான் புள்ளைகளுக்கு என்னாத்தக் குடுத்து வச்சிருக்கேன் சேர்?"

மறுவாரமே கடையைப் பூட்டிவிட்டு, புது எவர்சில்வர் டம்ளர்களைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் பஸ்ஸாக அலையத் தொடங்கினார். என் வீட்டு ஜோடிதான் முதலில் போனது. சில ஞாயிறுகளில் நானும் கூடப் போனேன். பட்டிப்பொலப் பக்கம் ஒரு வீட்டில், இடுப்பில் பிள்ளையோடு நின்ற பெண் கண் கலங்கிவிட்டாள்.

"கல்யாணத்துக்குக் குடுத்தத எடுத்துட்டுப் போனா எங்க குடும்பம் வெளங்குமாண்ணே?"

"திருப்பிக் கேக்கல தாயி. மாத்திக் கேக்குறேன்."

எவ்வளவு சொல்லியும் அவள் கொடுக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் சீட் இருந்தது. அண்ணன் உட்காரவே இல்லை.

சாவு வீட்டில், அவர் மீட்டு வந்த கிளாஸ்கள் சாக்கில் கட்டியபடி மூலையில் கிடந்தன. அண்ணன் ஞாபகமாக ஒரு ஜோடி வேண்டும் என்று உறவுக்காரர் ஒருவர் கேட்க, அண்ணி அழுதுகொண்டே சாக்கை அவிழ்க்கப் போனார். சாவு வீடென்றும் பாராமல் நான் பாய்ந்து அதன் வாயைப் பிடித்துக்கொண்டேன். ஊர் ஊராய் நாயாய் அலைந்து அந்த மனிதர் சேர்த்ததை, அவர் ஞாபகம் என்று சொல்லியே மறுபடி ஊருக்குள் விடுவதா? அண்ணிக்குப் புரிந்துவிட்டது. முடிச்சை இறுக்கிவிட்டு, மிச்ச டம்ளர்கள் இருந்த பையை என் கையில் கொடுத்தார்.

அவருடையதென்று என்னிடம் இருப்பது அந்தப் பை ஒன்றுதான். அண்ணனை அறிந்தவர்களே, உங்கள் ஷோகேஸில் சிவப்புப் பூக் கிளாஸ் இருந்தால் அதில் யாருக்கும் எதையும் ஊற்றாதீர்கள். சொல்லி அனுப்புங்கள், நான் வருகிறேன். இந்த ஞாயிறு பட்டிப்பொலவுக்குப் போகிறேன். அந்தப் பிள்ளை இன்னும் அதில்தான் குடிக்கிறது.