ராசம்மாக்கா பிரிக்கச் சொன்ன படிகள்

சென்ற வாரம் ஒரு காலையில் பஸ் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நின்றது. அங்கே நிறுத்தமே கிடையாது. கண்டக்டர் இறங்கி வந்து, "டீச்சர், ராசம்மாக்கா போயிட்டாங்க" என்றார். பிள்ளைகளுக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன். அழுததில் எனக்கு வெட்கமில்லை.

உங்களில் ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டுப் பக்கம் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களுக்கு அக்காவின் டீக்கடை தெரியும். அக்காவின் வாயும் தெரியும். கடை ரோட்டு மேட்டில். எங்கள் வீடுகளெல்லாம் கீழே ஓடைப் பள்ளத்தில். நடுவில் செம்மண் சரிவு. மழை பிடித்துவிட்டால் அதில் ஏறியதைவிட வழுக்கியதுதான் அதிகம். ஓர் ஐப்பசியில் அக்காவின் மருமகள் வயிற்றுப்பிள்ளையோடு அங்கே விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் நான் முழுகாமல் இருந்தேன். அடுத்த மழைக்குள் சரிவில் கல்படி வந்தே தீரவேண்டும் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றார். கல் சேர்க்க அவரே ஒரு சட்டம் போட்டார்: கையில் கல்லில்லாமல் வருகிறவர்களுக்கு டீ கிடையாது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரே கல்லோடுதான் வந்தார். பஸ் டிரைவர் அடிவாரத்தில் ஒரு பலகைக் கல்லைப் பார்த்து, சீட்டுக்கடியில் வைத்து, அத்தனை கொண்டை ஊசி வளைவும் சுற்றிக் கொண்டுவந்தார். மலையில் கல்லுக்கா பஞ்சம் என்று எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவருக்கு மட்டும் அன்று டீயோடு பன்னும் கிடைத்தது.

கட்டியது ஆண்கள். முன்நின்றது என் வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் சரிவை வெட்டி, ஒவ்வொரு கல்லின் பின்பாதியையும் மண்ணுக்குள் புதைத்துக் கெட்டியாகத்தான் கட்டினார்கள். ஆனால் மலையிலேயே ஏறி இறங்கி வளர்ந்த கால்கள் அல்லவா, தங்கள் எட்டுக்குத் தக்கபடி உயரம் வைத்துவிட்டார்கள். படி குறைந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்ற கணக்கு வேறு. முடிந்த அன்று ஊரே கூடி நின்றது. அக்கா என்னைக் கூப்பிட்டு ஏறச் சொன்னார். பாதி தூரம்கூடப் போகவில்லை; முழங்காலைக் கையால் ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்க நின்றுவிட்டேன்.

"இவ ஏறாத படி யாருக்குங்க? பிரிங்க" என்றார் அக்கா.

சண்டை வந்தது. வராமல் இருக்குமா? மேகம் இறங்கி நிற்கிறது, இப்போது பிரித்தால் உள்ளதும் போய்விடும் என்று என் வீட்டுக்காரர் கத்தினார். அவர் சொன்னதும் நியாயம்தான். அக்கா கடப்பாரையை எடுத்து மேல்படியை நெம்ப ஆரம்பித்தார். அப்போது அவருடைய மருமகள் கூட்டத்திலிருந்து வந்து, குனிந்து, பெயர்ந்த கல்லைத் தூக்கி ஓரமாக வைத்தாள். அதற்குப் பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குனிந்து கல்லைத் தூக்கினார்கள்.

மறுபடி கட்டும்போது ஒவ்வொரு கல்லுக்கும் என்னைக் கால் எடுத்து வைக்கச் சொன்னார்கள். என் கால் சிரமமில்லாமல் எவ்வளவு எழும்பியதோ அவ்வளவுதான் படியின் உயரம். வழியும் நேரே ஏறாமல் சரிவின் குறுக்காகச் சாய்ந்து போனது. நடுவில் உட்கார்ந்து மூச்சுவிட ஓர் அகலக் கல். என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் வேலை செய்தார், ஆனாலும் செய்தார்.

மழை பிடித்தது. அந்த மழையிலேயே எனக்கு வலியும் எடுத்தது. என்னை யாரும் தூக்கவில்லை, நானே நடந்து ஏறினேன். அக்கா என் இடுப்பில் கை கொடுத்தபடி பின்னால் வந்தார்.

"நின்னு நின்னு ஏறு கண்ணு. பஸ்ஸு நிக்கும். நான் சொன்னா நிக்கும்."

நின்றது. மகள் ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிறந்தாள்.

அக்காவை அந்தப் படிகள் வழியாகத்தான் ஓடைக்கரை மயானத்துக்கு இறக்கினார்கள். தூறிக்கொண்டிருந்தது. தூக்கியவர்களில் இரண்டு பேர், அந்த மருமகள் பிற்பாடு பெற்ற பையன்கள். யார் காலும் இடறவில்லை.

வகுப்பில் ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுத்தால் கெட்டிக்காரப் பிள்ளையின் முகத்தை நான் பார்ப்பதில்லை. திணறுகிற பிள்ளையைப் பார்ப்பேன். அதற்கு ஏறவில்லையென்றால், முழுதும் பிரித்து முதலிலிருந்து சொல்வேன். இது அக்கா எனக்குக் கொடுத்தது. என் மகளும் அவர் கொடுத்தவள்தான் என்று சொன்னால், என் வீட்டுக்காரரே மறுக்கமாட்டார்.