முறத்தில் காய்ந்த பேட்டரி

‘பிக், பிக்’ என்று எலிக்குஞ்சு கத்துவதைப் போன்ற சன்னமான ஒரு சத்தம், அதோடு புது பிளாஸ்டிக்கின் வாசனை. குவைத்திலிருந்து வந்த மாமா என் கையில் வைத்த உள்ளங்கையளவு விளையாட்டுப் பெட்டியை நினைத்தால் முதலில் இந்த இரண்டும்தான் வரும். எண்பதுகளின் தொடக்கம் அது; எனக்குப் பத்து வயது; ஜெயங்கொண்டத்தை அடுத்த எங்கள் ஊருக்கு டி.வி.கூட வந்திருக்கவில்லை. அந்தப் பெட்டிக்குள் மரத்திலிருந்து ஒரு குரங்கு தேங்காய்களைப் போடும், கீழே நிற்கும் ஆளை இடமும் வலமும் நகர்த்திக் கூடையில் பிடிக்க வேண்டும். மூன்று காய் தவறினால் ஆட்டம் முடிந்தது. அவ்வளவே கதை.

இன்றும் நான் ‘கேம்’ பைத்தியம்தான். ஐம்பது சொச்சம் வயதில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கன்ட்ரோலரோடு உட்காரும் என்னைப் பார்த்து மகள் சிரிக்கிறாள், சிரிக்கட்டும். இப்போது வருகிறவற்றில் மலை, மழை, குதிரையின் பிடரி மயிர்வரை அத்தனையும் அசல்போல இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்தடிக்கு ஒருமுறை வழி சொல்லி, கதவருகே போனால் ‘கதவைத் திற’ என்று எழுதிக் காட்டி, செத்துப்போனால் அதே இடத்தில் எழுப்பி உட்காரவைத்து, ஆடுகிறவரைக் கைக்குழந்தையாக்கிவிடுகிறார்கள். தொண்ணூறுகளில் டி.வி.யோடு இணைத்து ஆடிய கேசட் கேம்கள் தேவலை, அவற்றுக்குக் கொஞ்சம் ரோஷம் இருந்தது. எல்லாவற்றிலும் நேர்மையானது அந்தக் குரங்குதான். அது யாருக்கும் தயவு காட்டாது, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும், எவ்வளவு கெட்டிக்காரியும் கடைசியில் தோற்றே ஆக வேண்டும். இதை எங்கே வேண்டுமானாலும் வாதாடுவேன். ஆனால் அதுபோன்ற ஒன்றை மகள் போனில் ஏற்றிக் கொடுத்தபோது நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

“பின்னால மூடியத் தொறந்துடாத, இந்த பேட்டரி இங்க கெடைக்காது” என்று சொல்லிவிட்டுத்தான் மாமா திரும்பிப் போனார். மூன்றே மாதத்தில் குரங்கு மங்கி, சத்தமும் இளைத்துவிட்டது. எங்கள் வீட்டில் டார்ச் லைட்டின் பேட்டரிக் ‘கட்டை’ இறங்கிவிட்டால் அப்பா அதை வெயிலில் வைப்பார்; “சூடேறுனா இன்னும் ரெண்டு நாளு ஓடும்” என்பார்; ஓடவும் செய்யும். அதை நம்பி, சித்திரை வெயிலில், ஊக்கால் மூடியை நெம்பி, சட்டைப் பொத்தான் அளவிலிருந்த இரண்டு பேட்டரிகளையும் எடுத்து, வாசலில் முந்திரிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்த முறத்தின் ஓரத்தில் வைத்தேன்.

தம்பிக்கு ஒன்றரை வயது. அழுகையை நிறுத்துவதற்காக அம்மா அன்று காலை அவன் கையில் நெளிநெளி ஓரம் வைத்த அலுமினியப் பத்து பைசா ஒன்றைக் கொடுத்திருந்தாள். நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அவன் முறத்தருகே உட்கார்ந்து, எச்சில் ஒழுக, முழி பிதுங்கிக்கொண்டிருந்தான். முறத்தில் ஒரு பேட்டரிதான் இருந்தது. “என்னத்தடி முழுங்குனான்?” என்று அம்மா ஓடிவந்தாள். மூடியைத் திறந்தது தெரிந்தால் முதுகுத்தோல் உரிந்துவிடும் என்கிற பயம் ஒன்றுதான் எனக்கு.

“பத்து பைசாம்மா” என்றேன்.

விழுங்கியது காசென்றால் எங்கள் பக்கத்தில் யாரும் பதறமாட்டார்கள்; வாழைப்பழத்தைப் பிசைந்து ஊட்டுவார்கள், மறுநாள் மலத்தைக் குச்சியால் கிளறிப் பார்ப்பார்கள். “எல்லாப் புள்ளையும் முழுங்குறதுதான், வெளிக்குப் போறப்ப வந்துடும்” என்றார் அப்பா. அன்று சாயங்காலம் வாசல் பெருக்கும்போது அந்தப் பத்து பைசா ஒரு சாக்கின் அடியில் கிடந்தது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு அதை வேலிக்கு அப்பால் வீசினேன். பெட்டியையும் மிச்சமிருந்த பேட்டரியையும் புதைத்துவிட்டு, தொலைந்துபோனதாகச் சொன்னேன்.

இரண்டாம் நாள் அவன் பாலைக்கூட விழுங்க முடியாமல் கக்கினான். டவுனில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். “காசுன்னா பயமில்லம்மா, தானா எறங்கிடும்” என்று அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்து மருந்து எழுதினார். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவும் திறந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். ஐந்தாம் நாள், கும்பகோணம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில், வாயால் ரத்தமாக வந்து, அணைக்கரை தாண்டுவதற்குள் அம்மாவின் மடியிலேயே அடங்கிப்போனான்.

“நீ குடுத்த காசுதாண்டி” என்று அப்பா ஒரே ஒருமுறைதான் சொன்னார். அதற்குப் பிறகு அம்மா எந்தக் குழந்தையின் கையிலும் காசு கொடுத்ததில்லை. என் மகள் பிறந்தபோது பார்க்க வந்தவர்கள் வழக்கப்படி அவள் கையில் திணித்த நாணயங்களை, யார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காமல் அங்கேயே பிடுங்கித் திருப்பிக் கொடுத்தாள்.

பத்து பைசா இனிச் செல்லாது என்று செய்தியில் சொன்ன அன்று அம்மா என் வீட்டில்தான் இருந்தாள். “ஒழிஞ்சுதா அந்தச் சனியன்” என்று டி.வி.யைப் பார்த்துச் சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இப்போது அந்தக் காசு இல்லை, அப்பா இல்லை, இரண்டு வருஷமாக அம்மாவும் இல்லை. படுக்கையில் கிடந்த கடைசி வாரத்திலும், “நான் மட்டும் அந்தக் காசக் குடுக்காம இருந்திருந்தா” என்றுதான் புலம்பிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்; “பேசாம குடிம்மா” என்றேன்.