மாடி வீடு பார்க்கப் போய் பெண் பார்த்த கதை

எழுபதுகளில் நாங்கள் மீஞ்சூரில் வாடகைக்கு இருந்தோம். கணவருக்குக் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் வேலை. மெட்ராஸில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில், உள்ளேயே படிக்கட்டு வைத்த இரண்டடுக்கு வீடு ஒன்று விலைக்கு வருவதாகக் கேள்விப்பட்டு, ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு ரயிலேறினோம்.

கதவைத் தட்டியதுமே வீட்டுக்காரர், "வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் காத்துக்கினு இருக்கோம்" என்றார். நான் மாடிவரை ஏறி, குழாய்களையெல்லாம் திறந்து பார்த்துவிட்டு இறங்கினேன். கேசரி, பஜ்ஜி வந்தன. பட்டுப்புடவை கட்டிய அவர்கள் மகள் தலைகுனிந்தபடி காபி கொடுத்தாள். வீடு வாங்க வந்தவர்களுக்கு இவ்வளவு மரியாதையா என்று பூரித்துப்போனேன்.

என் கணவர், "எங்களுக்கு ரொம்பப் புடிச்சிப்போச்சு சார். இன்னைக்கே பேசி முடிச்சிடலாம்" என்றார். வீட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் மனைவி மெல்லக் கேட்டார்: "பையன் வரலீங்களா?"

"அவன் இஸ்கூலுக்குப் போய்க்கிறான்மா. மூணாங்கிளாஸ்" என்றார் இவர்.

வீட்டுக்காரர் எழுந்து, நாங்கள் வந்த காரியத்தை விசாரித்தார். விற்பனைக்கு இருந்தது எதிர்வீடு என்பது அப்போதுதான் தெரிந்தது. கடித்த பஜ்ஜியை வெட்கத்தோடு தட்டிலேயே திருப்பி வைத்தேன். முதலில் சிரித்தவள் அந்தப் பெண்தான். எல்லோரும் சிரித்து ஓய்வதற்குள் நிஜ மாப்பிள்ளை வீட்டார் வந்து நின்றார்கள். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்த மாப்பிள்ளை, உட்காரும் முன்பே சம்மதம் சொல்லிவிட்டார்.

எதிர்வீட்டை நாங்களே வாங்கினோம். கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் எங்கள் மாடியில்தான் தங்கினார்கள். இப்போதெல்லாம் யார் வீட்டுக்குப் போனாலும், பெயரையும் வந்த காரியத்தையும் வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறேன்.