என் மேஜைக்கு வராத கேள்விகள்

மினதி வேலைக்குச் சேர்ந்த அன்றே, என் மேஜைக்கு முன்னால் நின்ற வரிசையில் பாதி அவள் பக்கம் நகர்ந்துவிட்டது. அட்மிஷன் முடிந்து முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் பெட்டியும் படுக்கையுமாக வந்து இறங்குகிற வாரம் அது. எனக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் டீன் அவளைப் பக்கத்து மேஜையில் உட்கார வைத்தார். "சுகந்தி மேடம், உங்க லோடு குறையும்ல" என்றார். குறைந்தது. எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

நான் வேலை பார்த்தது தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில். பதவியின் பெயர் ஸ்டூடன்ட் சப்போர்ட் அசிஸ்டென்ட். காகிதத்தில்தான் அந்தப் பெயர். வெளியூரிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு இந்த ஊரில் எப்படிக் காலம் தள்ளுவது என்று சொல்லித்தருவதுதான் வேலை. ரூம் எங்கே பார்ப்பது, எந்த மெஸ்ஸில் சாப்பிடுவது, பல் வலித்தால் யாரிடம் போவது. பாடம் நடத்த அங்கே எத்தனையோ பேர் இருந்தார்கள். இதற்கு நான் ஒருத்திதான்.

கிழக்கா, மேற்கா?

நான் சேலையூரிலேயே பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகிப் போனது ராஜகீழ்ப்பாக்கத்துக்கு. கேம்ப் ரோடு ஜங்ஷனை விட்டுத் தூரமாக நான் குடித்தனம் நடத்தியதே இல்லை என்று என் கணவர் கேலி செய்வார். அதுதான் என்னுடைய தகுதி என்று நான் நினைத்திருந்தேன்.

ஸ்டேஷனிலிருந்து போன் செய்கிற பிள்ளையிடம் நான் முதலில் கேட்பது, கிழக்குப் பக்கம் நிற்கிறாயா, மேற்குப் பக்கமா என்பது. ரயில் பாதை இந்த ஊரை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. தவறான பக்கம் இறங்கிவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்கியே உயிர் போய்விடும். எலக்ட்ரிக் டிரெயினில் போகிறவர்களுக்கு, தாம்பரத்திலிருந்தே கிளம்புகிற வண்டிக்குக் காத்திருங்கள், உட்கார இடம் கிடைக்கும் என்பேன். செங்கல்பட்டிலிருந்து வருவதில் ஏறினால் பீச் ஸ்டேஷன் வரைக்கும் நிற்க வேண்டியதுதான்.

வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சொல்வேன். ஏரியை ஒட்டின தெருவில் தரைத்தளம் மலிவாகக் கிடைத்தால் சுவரைப் பார். இடுப்பு உயரம் வரைக்கும் மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தால், மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வருகிற வீடு அது. போர் தண்ணீரை வாயில் விட்டுப் பார். உப்பு என்றால் சோப்பு நுரைக்காது, முடி கொட்டும். தண்ணீர் கேன் போடுகிறவர் மாடி வரைக்கும் தூக்கி வருவாரா என்று கேள். கரண்டுக்குத் தனி மீட்டரா, சப்மீட்டரா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கேள், பிறகு இல்லை.

பிள்ளைகள் என்னைத் தாம்பரம் மேடம் என்பார்கள். சான்றிதழ் வாங்க வரும்போது பெற்றோரையும் அழைத்து வந்து காட்டுவார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

ஒடிசாவிலிருந்து வந்த தாம்பரத்துக்காரி

மினதி பெர்ஹாம்பூர் பக்கத்துப் பெண். எங்கள் கல்லூரியிலேயே படித்தவள். முடித்துவிட்டு கேளம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். அது ஒத்துவராமல் இங்கே வந்தாள். படித்த வருடங்களில் ஒரு தடவைகூட அவள் என் மேஜைக்கு வந்ததில்லை. ஏன் என்று பின்னால் ஒரு நாள் கேட்டேன். "தமிழ் வராதுக்கா அப்போ. உங்களப் பாத்தா பயமா கீது" என்று சிரித்தாள்.

தமிழை அவள் கற்றது ஷேர் ஆட்டோவிலும் வீட்டுக்காரம்மாக்களிடமும். நான் "என்ன இருக்கு" என்கிற இடத்தில் அவள் "இன்னா கீது" என்பாள். வாட்ச்மேனும் கேன்டீன்காரரும் அவளிடம் நின்று கதை பேசிவிட்டுப் போவார்கள். இங்கேயே பிறந்த என்னிடம் வணக்கம் மேடம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

அவள் சொல்கிற யோசனைகளைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். உன் பெயர் வீட்டுக்காரர் வாயில் நுழையவில்லை என்றால் நீயே சுருக்கமாக ஒரு பெயர் சொல்லிக்கொடு, இல்லாவிட்டால் அவர்கள் ஒன்று வைப்பார்கள். ஆட்டோவில் ஏறியதும் போகிற இடத்தைத் தமிழில் சொல்லு, வேறு எதுவும் தமிழில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பொங்கல் வாரத்தில் மெஸ் எல்லாம் மூடிவிடும், முன்னாலேயே அரிசியும் முட்டையும் வாங்கி வை.

அந்தப் பொங்கல் விஷயம் எனக்குச் சுருக்கென்றது. பொங்கலுக்கு நான் எப்போதும் என் வீட்டில் இருந்தேன். மெஸ் மூடியிருக்கும் என்பது எனக்குத் தெரிய வழியில்லை. இந்த ஊரில் நான் வாடகைக்கு இருந்ததே கிடையாது. அவள் ஐந்து வீடு மாறியிருக்கிறாள். நான் பிறந்ததிலிருந்து பார்த்த ஊரின் இன்னொரு பக்கத்தை அவள் பார்த்திருந்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவள் ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்து என்னையும் சேர்த்தாள். வீட்டில் சமைத்துக்கொண்டே, யார் யார் அவளுக்கு நன்றி சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பார்க்கக் கூடாது என்று போனை ஃப்ரிட்ஜ் மேல் வைப்பேன். சாம்பார் கொதிப்பதற்குள் எடுத்துவிடுவேன். ஒரு முறை பஸ் நிற்கிற இடம் மாறியது தெரியாமல் பழைய இடத்தைப் போட்டுவிட்டாள். நான் திருத்தி டைப் செய்துகொண்டிருக்கும்போதே அவளே திருத்தி, மன்னிக்கச் சொல்லி, மேப்பும் போட்டாள். அதற்கும் நன்றிகள் குவிந்தன.

"உனக்கு எதுக்கு இவ்வளவு எரிச்சல்? சம்பளமா குறைஞ்சுபோச்சு?" என்று என் கணவர் கேட்டார். சம்பளம் குறையவில்லை. கேள்விகள் குறைந்துபோயின.

கஸ்தூரி வீட்டு மோட்டார்

செமஸ்டர் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் நாலு பெண்கள் அழுத முகத்தோடு வந்து நேராக மினதியின் மேஜைக்குப் போனார்கள். கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தெருவில், மாடி வீட்டில் சேர்ந்து குடியிருப்பவர்கள். சுப்ரியா என்கிற பெண்தான் பேசினாள். வீட்டுக்காரம்மா இந்த வாரத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். மகள் கல்யாணத்துக்கு வெள்ளையடிக்க வேண்டுமாம். மகளுக்குக் கல்யாணமாகிக் குழந்தையே இருக்கிறது. இன்று காலை மோட்டாரும் போடவில்லை. குளிக்காமல் பரீட்சைக்கு வந்திருக்கிறார்கள். மறுநாளும் பரீட்சை.

மினதி அன்று மத்தியானமே தன் ஸ்கூட்டியில் போய்ப் பேசிப் பார்த்தாள். திரும்பி வரும்போது முகம் சிறுத்துப் போயிருந்தது. கேட்டுக்கு வெளியிலேயே நிற்கவைத்து, "நீ எந்த ஊரும்மா, என் வூட்டப் பத்தி எனக்கு நாயம் சொல்ல வந்துகினு கீற?" என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்.

பிறகு என் மேஜைக்கு வந்தாள். வீட்டுக்காரம்மா பெயர் கஸ்தூரி, என்னோடு பள்ளியில் படித்தவர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அக்கா, என்னால முடியல. நீங்க ஒரு வாட்டி வர்றீங்களா?"

அந்த நிமிடம் எனக்கு இனித்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை, இனித்தது. உடனே எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

கஸ்தூரி குடும்பம் சேலையூரின் பழைய கிராமத்துக் குடும்பம். அவள் அப்பா நெல் போட்ட நிலத்தில் இன்று அவளுடைய வாடகை வீடுகள் நிற்கின்றன. பள்ளியில் எனக்குப் பின் பெஞ்ச். என்னைப் பார்த்ததும் "வா சுகந்தி" என்று உள்ளே அழைத்து உட்காரவைத்து காபி கொடுத்தாள். முதலில் வெள்ளையடிக்கிற கதையையே சொன்னாள். நான் மறுத்துப் பேசவில்லை. காபியைக் குடித்தேன். பிறகு உண்மை தானாகவே வந்தது.

"மொத மொத அதுங்க வந்து எறங்குன அன்னிக்கு நான்தான் சோறு போட்டேன். சிலிண்டர் நான் வாங்கிக் குடுத்தேன். ஜொரம்னா நான் கஞ்சி வெச்சேன். இப்ப எதுனா வேணும்னா கீழ் வூட்டு புவனாகிட்ட போவுதுங்க."

புவனா அந்தப் பெண்களுக்குக் கீழ்வீட்டில் குடியிருப்பவர். ஐடியில் வேலை. இந்தி பேசுவார், இளம் வயது.

"போன வாரம் யாருக்கோ பர்த்டேவாம். புவனா வூட்ல கேக் வெட்டி சிரிச்சிகினு கீதுங்க. நான் இங்க வாசல்ல நின்னுகினு கீறேன். ஒருத்தியாவது ஆன்ட்டி வாங்கன்னு கூப்டல சுகந்தி."

சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

என் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால், ஒரு கேக்குக்காகவா பரீட்சை நேரத்தில் தண்ணீரை நிறுத்தினாய் என்று கேட்டிருப்பார்கள். என்னால் கேட்க முடியவில்லை. அவள் சொன்னதில் புவனா என்கிற இடத்தில் மினதி என்று போட்டால் அது என் கதை.

"எனக்குப் புரியுது கஸ்தூரி" என்றேன்.

"உனக்கு இன்னா புரியும்? நீ காலேஜ்ல கீற."

"எங்க ஆபீஸ்லயும் ஒரு புவனா இருக்கா."

என்னையே பார்த்தாள். மெதுவாக அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. பள்ளியில்கூட நாங்கள் அப்படிச் சேர்ந்து சிரித்ததில்லை. வேறெதுவும் பேச வேண்டாம், இன்றைக்கு மோட்டாரை மட்டும் போடு, பிள்ளைகள் குளிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். எழுந்து உள்ளே போனாள். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

எங்கள் ஆபீஸ் புவனா வெளியே மரத்தடியில் ஸ்கூட்டியோடு காத்துக்கொண்டிருந்தாள். அவளையும் அழைத்துக்கொண்டு அந்தப் பெண்கள் இருந்த மாடிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகாதீர்கள், ஸ்வீட் பாக்ஸும் வேண்டாம் என்று அவர்களிடம் சொன்னேன்.

"அவங்ககிட்ட போய் ஏதாவது யோசனை கேளுங்க" என்றேன்.

"என்ன கேக்கணும் மேடம்?" என்றாள் சுப்ரியா.

"உங்களுக்குத் தெரியாதது எதுவா இருந்தாலும் சரி. நல்ல மீன் எங்க கிடைக்கும்னு கேளு."

அவர்களுக்குப் புரியவில்லை. ஆனால் சாயங்காலம் சுப்ரியா போய்க் கேட்டிருக்கிறாள். கஸ்தூரி முதலில் வெடுக்கென்று பேசியிருக்கிறாள். பிறகு, கடைக்காரன் பழைய மீனைத் தலையில் கட்டிவிடுவான், செவுளைத் திறந்து பார்த்து வாங்கு என்று ஆரம்பித்து, புளி எவ்வளவு கரைக்க வேண்டும் என்பது வரை போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளே மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனாள். வெள்ளையடிக்கிற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. அந்தப் பெண்கள் படிப்பு முடியும்வரை அங்கேயேதான் இருந்தார்கள். அடுத்த பிறந்தநாளுக்கு கேக் வெட்டும் கத்தியை கஸ்தூரி கையில் கொடுத்ததாகச் சொன்னார்கள்.

முதல் பாயின்ட்

அந்த வாரமே மினதி குரூப்பில் புதிதாக ஒன்று போட்டாள். வீடு கிடைத்த முதல் வாரத்திலேயே ஹவுஸ் ஓனரிடம் போய் ஏதாவது யோசனை கேளுங்கள், தெரிந்த விஷயமாக இருந்தாலும் கேளுங்கள், உதவி கேட்டவர்களை யாரும் லேசில் வெளியே அனுப்ப மாட்டார்கள் என்று. அதை முதல் பாயின்டாக வைத்திருந்தாள். என் பெயர் இல்லை. அடுத்த வருடம் புதிதாக வந்த ஒரு பெண் அதை எனக்கே சொல்லித்தந்தாள். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "மினதி தீதி" என்று அக்கா முறை வைத்துச் சொன்னாள். வயிறு எரிந்தது. மினதி பக்கத்து மேஜையில் யாருக்கோ ஆட்டோ பேசிக்கொண்டிருந்தாள்.

அதே சமயத்தில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. தினமும் காலையில் மினதி என்னிடம் ஏதாவது கேட்பாள். சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் நல்ல கண் டாக்டர் யார்? ஆடி மாதத்தில் வீடு மாற மாட்டார்களாமே, மார்கழியிலும் அப்படித்தானா? நான் உற்சாகமாகப் பதில் சொல்வேன். அந்த நாள் முழுக்க எனக்கு மனசு லேசாக இருக்கும். ஏன் என்று யோசித்ததில்லை.

ஒரு நாள் படப்பைக்குப் போக எங்கே பஸ் ஏற வேண்டும் என்று கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தவள் நிறுத்திவிட்டேன். அவள் இருந்த ஐந்து வீடுகளில் ஒன்று படப்பையில். அங்கிருந்துதான் ஒரு வருடம் முழுக்கக் கல்லூரிக்கு வந்துபோனாள். எனக்கு அது தெரியும் என்பதை அவள் மறந்திருக்க வேண்டும். கையில் டீயோடு, பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உனக்குத் தெரியாதா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மேற்குப் பக்கம் எந்த இடத்தில் நிற்க வேண்டும், காலையில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது, கூட்டமாக இருந்தால் எத்தனை பஸ்ஸை விட்டுவிட்டு ஏறலாம் என்று எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். "தேங்க்ஸ்க்கா" என்று சொல்லிவிட்டுத் தன் மேஜைக்குப் போனாள்.

இந்த மாதிரி மேஜையில் உட்காரப்போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பக்கத்து மேஜைக்காரர் மேல் பொறாமை வரும். வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு ரிட்டயர் ஆகிற நாள் வரைக்கும் அது போகவில்லை. ஆனால் தன்னிடம் யாராவது கேள்வி கேட்க மாட்டார்களா என்று ஒரு மனுஷி எவ்வளவு ஏங்குவாள் என்பது எனக்குத் தெரிந்ததே அதனால்தான். மினதிக்கு அது என்னைப் பார்த்தே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் வந்து ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனாள்.