கன்னத்தில் ஒதுக்கியது

“வாயைத் திற. நாக்கைத் தூக்கு. இந்தப் பக்கக் கன்னத்தை இழு. இப்ப அந்தப் பக்கம். சரி, உன் பொண்ணு எந்த கிளாஸ் படிக்கிறா, டீச்சர் எப்படி, சொல்லு.”

மாத்திரை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சிஸ்டர் இப்படிக் கேட்கும்போது புதிதாக வருகிறவர்கள் உருகிப்போய்விடுவார்கள். ஒரு டாக்ஸி டிரைவர் முதல் நாளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகளின் கணக்கு மார்க் வரைக்கும் ஒப்பித்தார். பெற்ற தாய்கூடத் தன்னை இப்படி விசாரித்ததில்லை என்று பெஞ்சுக்கு வந்து என்னிடம் சொன்னார். பாவம் மனுஷன். மகள் எந்த வகுப்பு என்பது சிஸ்டரின் காதில் ஏறியே இருக்காது. அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்தது நாக்கு புரளும் சத்தத்தை. மாத்திரையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு பேசுகிறவனுக்கு நாலாவது வாக்கியத்தில் பேச்சு கொழகொழத்துவிடும் என்பது அவருடைய பதினெட்டு வருஷ ஆராய்ச்சி.

இது குடியை நிறுத்த வருகிறவர்களுக்கான புறநோயாளிகள் பிரிவு. படுக்கை கிடையாது. காலை எட்டு மணிக்கு வர வேண்டும், மெஷினில் ஊத வேண்டும், சிஸ்டர் கண்ணெதிரே மாத்திரையை விழுங்க வேண்டும், வேலையைப் பார்க்கப் போக வேண்டும். மாத்திரை உள்ளே இருக்கும்போது ஒரு வாய் குடித்தாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி வரும். ஆகவே குடிக்க நினைப்பவன் காலையில் மாத்திரையை ஏமாற்றியாக வேண்டும். அதற்கு முதலில் சிஸ்டரை ஏமாற்ற வேண்டும்.

சிஸ்டருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. மூக்குக்கண்ணாடியை மூக்கின் நுனியில் விட்டுக்கொண்டு அதற்கு மேலாகத்தான் பார்ப்பார். நோயாளிகள் வைத்திருக்கும் பெயர் ‘எக்ஸ்ரே’. கூடத்தில் முன்பு ஒரு வாஷ்பேசின் இருந்ததாம். துப்ப வசதியாக இருக்கிறது என்று பெயர்த்தெடுக்கச் சொல்லிவிட்டார். சுவரில் இரண்டு குழாய் ஓட்டை மட்டும் மிச்சம். கைக்குட்டையை ஜன்னலில் கொடுத்துவிட்டுத்தான் மாத்திரை வாங்க வேண்டும். திடீரென்று இருமல் வந்தால் தொலைந்தீர்கள். யாராவது பாசமாக டீ வாங்கிவந்தால் “வெச்சுட்டுப் போ” என்பார். அது அப்படியே ஆறி ஆடை கட்டும். எதற்கு டீ கொடுக்கிறான் என்று காரணம் தெரியாமல் தொடமாட்டார். வீட்டில் கணவர் சத்து மாத்திரை போட்டாலும் அன்றைய செய்தியில் நாலு வரி சொல்லிக் காட்ட வேண்டுமாம். இதை அவரே சொன்னார், சிரிக்காமல்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. நான் பஸ்ஸில் டிக்கெட் செக்கர். திருட்டு முழி எது, தூக்க முழி எது என்று எனக்குத் தெரியும். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பவனை விட்டுவிடுவேன். என்னைப் பார்த்துச் சிரிக்கிறவனிடம்தான் முதலில் கை நீட்டுவேன். ஒரே தொழில்காரர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்வதுபோல நாங்கள் கண்டுகொண்டோம்.

“எல்லாரையும் இப்படிச் சந்தேகப்பட்டா உங்களுக்கு அலுக்காதா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஒருத்தரை நம்பினேன்” என்றார். “பேங்க் கிளார்க். அவ்வளவு மரியாதையா பேசுவார். அவர் வாயைத் திறக்கச் சொல்ல எனக்கே கூச்சமா இருந்துச்சு. நாலு மாசம் துப்பியிருக்கார். ரோட்டுல கிடந்தப்பதான் தெரிஞ்சது.”

அதன்பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான் அங்கே தினமும் உட்கார்ந்திருந்தது என் தம்பிக்காக. லேத் பட்டறையில் கைதேர்ந்தவன். குடியால் வேலை போனது. தொண்ணூறு நாள் ஒருநாள்கூடப் பிசகாமல் வந்தால், அப்புறம் வாரத்துக்கு ஒருமுறை வந்தால் போதும், ஏழு நாள் மாத்திரையை வீட்டுக்கே தருவார்கள். ஒருநாள் பிசகினாலும் மறுபடி முதல் நாள். ஃபோர்மேன் நல்ல மனிதர். திங்கட்கிழமை காலை ஏழு மணி ஷிப்டுக்கு வந்தால் சேர்த்துக்கொள்கிறேன், அதற்குமேல் இடத்தைக் காலியாக வைத்திருக்க முடியாது என்றிருந்தார். கிளினிக் திறப்பது எட்டுக்கு. தொண்ணூறாவது நாள் சனிக்கிழமை. அந்தச் சனிக்கிழமை தேறினால் வேலை; இல்லாவிட்டால் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தம்பி இரண்டு மணி நேரம் காணாமல் போனான். கேட்டதற்கு, பழைய பட்டறைப் பக்கம் சும்மா போய்வந்தேன் என்றான், என் முகத்தைப் பார்க்காமல். சாப்பாடு வேண்டாம் என்றான். தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்தான். மூன்று மாதத்துக்கு முன்னால் அவன் குடித்துவிட்டு வரும்போதெல்லாம் இதே துண்டு, இதே சுவர். அவன் சட்டைப்பையைத் துழாவினேன். காலரை மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

காலையில் முகக்கவசம் மாட்டிக்கொண்டு கிளம்பினான். சளி என்றான். வாடையை மறைக்கத்தான் என்று எனக்குப் பட்டது. கிளினிக்கில் அவனை வரிசையில் நிற்க வைத்துவிட்டு, பக்கத்துக் கதவு வழியாகப் போய் சிஸ்டரிடம் போட்டுக்கொடுத்தேன். ஆமாம், கூடப் பிறந்தவனை நானேதான். நேற்று இரண்டு மணி நேரம் ஆளைக் காணோம், இன்றைக்குக் கொஞ்சம் கவனியுங்கள் என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

தம்பி முகக்கவசத்தைக் கீழே இறக்கி மெஷினில் ஊதினான். பூஜ்யம். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். தொண்டைக்குழி ஏறி இறங்கியது.

“திற.”

பாதிதான் திறந்தான். சிஸ்டர் டார்ச்சை அடித்தார். இடது கன்னத்தின் உள்ளே, வெள்ளையாக ஏதோ ஒன்றின் விளிம்பு.

தொண்ணூறு நாளும் போச்சு, வேலையும் போச்சு, பாவி கெடுத்துவிட்டானே என்று உள்ளுக்குள் கத்தினேன்.

சிஸ்டர் இடுக்கியை எடுத்து அந்த வெள்ளையைப் பிடித்து இழுத்தார். பஞ்சு. அடிப்பக்கம் முழுக்க ரத்தம். அதைத் தட்டில் வைத்து இழை இழையாகப் பிரித்தார், மாத்திரை இருக்கிறதா என்று. இல்லை. மறுபடி டார்ச்சை அடித்துப் பார்த்தார். கடைவாய்ப் பல் இருந்த இடத்தில் ஒரு குழி.

“யார் எடுத்தது?”

“நாந்தான் சிஸ்டர். பட்டறைல. குறடு வெச்சு.”

“பல் டாக்டர் செத்தாப் போயிட்டார்?”

தம்பி தயங்கினான். வாய் திறக்கச் சிரமப்பட்டு, மெல்ல மெல்லச் சொன்னான். முதல் நாளே சிஸ்டர் எச்சரித்திருந்தாராம்: இருமல் மருந்து கூடாது, ஷேவிங் லோஷன் கூடாது, ஸ்பிரிட் ஒரு சொட்டு பட்டாலும் மெஷின் காட்டிக்கொடுக்கும், அப்புறம் சாக்கு சொல்லாதே என்று. பல் டாக்டர் ஸ்பிரிட்டில் துடைப்பார், ஏதோ மருந்தைக் கொடுத்துக் கொப்பளிக்கச் சொல்வார். எண்பத்தொன்பது நாள் முடிந்துவிட்டது. ஆடிக்கொண்டிருந்த பல்தான், ஒரே இழுப்பில் வந்துவிடும் என்று பார்த்தானாம். மூன்று இழுப்பு ஆகியிருக்கிறது.

“நான் அப்படியா சொன்னேன்?” என்றார் சிஸ்டர்.

“ஆமா சிஸ்டர். சாக்கு சொல்லாதன்னீங்க.”

நான் அவன் தோளைப் பிடித்து, என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். அவன் என்னைப் பார்த்தான். கோபமே இல்லை அந்தப் பார்வையில்.

“சொல்லியிருந்தா நம்பியிருப்பியாண்ணா?”

அவன் தோளிலிருந்து கையை எடுத்தேன். வெட்கமாக இருந்தது, இதைவிடச் சரியான வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மாத்திரை சாப்பிடறேன்னு சொன்னா போதும்டா. பல் டாக்டர் அதுக்கேத்த மாதிரி பார்த்துப்பார்” என்றார். அவர் யாரையும் ‘டா’ போட்டு நான் கேட்டதில்லை. புதுப் பஞ்சை மடித்துக் கொடுத்துக் கடித்துக்கொள்ளச் சொன்னார். பல் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதினார். எழுதியதை இரண்டு முறை படித்துப் பார்த்தார். பிறகு அவனுடைய வருகை அட்டையில் தொண்ணூறாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஏழு நாள் மாத்திரையை நோயாளியிடம் தருகிற வழக்கம் இல்லை. வீட்டு ஆளிடம்தான் தருவார்கள். அந்த ஆள் அதைப் பூட்டி வைத்து, தினம் ஒன்றாக எடுத்துக் கொடுத்து, வாயைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். வீட்டு ஆள் நான்தான். சிஸ்டர் பட்டையிலிருந்து ஏழு மாத்திரையைக் கத்தரித்து, ஒவ்வொரு குமிழையும் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். நான் ஜன்னலுக்குள் கையை நீட்டினேன். என் கையைத் தாண்டிக்கொண்டு அவர் கை போனது. தம்பியின் உள்ளங்கையில் பட்டையை வைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கி மூடினார்.