பையின் மற்றக் காது

பேய்க்கதை என்று யாராவது வாயைத் திறந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஷெல்லடிக்குள்ளால் ஓடித் தப்பி வந்தவன் நான். உயிரோடு இருக்கிறவர்களுக்குப் பயந்திருக்கிறேன், செத்தவர்களுக்கு ஒருநாளும் பயந்ததில்லை. நீங்களும் இப்போது உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் இருப்பீர்கள், சிரியுங்கள், உங்கள் இடத்தில் நான் இருந்தால் வாய்விட்டே சிரித்திருப்பேன். ஆனால் சொல்லி முடிக்கும்வரை எழும்பிப் போகாதீர்கள்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, அப்போது நாங்கள் கனடாவில், செயின்ட்-மிஷேலில் இருந்தோம், எனக்குத் துறைமுகப் பக்கம் ஒரு கிட்டங்கியில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. சீனி வருத்தம் தொடங்கிவிட்டது, நடக்காவிட்டால் ஊசிதான் என்று டொக்டர் வெருட்டிவிட்டார். என் மனைவி றீற்றாவுக்கு டொக்டர் சொன்னால் அது பாதர் சொன்ன மாதிரி. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்த கையோடு என்னையும் ஆறு வயது மகள் டிலானியையும் காரில் ஏற்றி எங்கேயாவது நடக்கக் கொண்டுபோய்விடுவாள்.

அந்த ஞாயிறு போனது எங்கள் நகரம் இருக்கிற தீவின் மேற்கு முனைக்கு. ஒரு காலத்தில் யாரோ ஓர் இங்கிலீஷ் பணக்காரன், தன் நாட்டில் துரைமார் இருக்கிற மாதிரியே இங்கேயும் இருக்க வேண்டும் என்று காட்டை வளைத்துப் பெரிய மாளிகை கட்டி, அப்பிள் தோட்டம், குதிரைவண்டிப் பாதை, கல்மதில், கல்லால் கேற் எல்லாம் போட்டானாம். மாளிகை எப்போதோ எரிந்துபோய், முன்சுவரும் வாசல்படிகளும்தான் மிச்சம். இப்போது சனம் நடக்கிற இடம் அது. பச்சைப் பாதை லேசு, மஞ்சள் பாதை நடுத்தரம் என்று பலகையில் போட்டிருந்தது. பச்சையில் கிழவர்கள் போகட்டும் என்று மஞ்சளைப் பிடித்தவன் நான்தான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். றீற்றா மன்னார்க்காரி. பொரித்த இறைச்சியோடு வீட்டு வாசலைத் தாண்டுவதென்றால் அதற்குள் ஓர் இரும்புத்துண்டோ கரித்துண்டோ வைக்காமல் தாண்டமாட்டாள், வைத்தால் கெட்டது எதுவும் மணத்துக்குப் பின்னால் வராதாம். அன்றைக்கும் புட்டும் ஆட்டிறைச்சிப் பொரியலும் கட்டிக்கொண்டு, என் சாமான் பெட்டிக்குள் இருந்த புத்தம்புது ஆணி ஒன்றை எடுத்துக் கழுவித் துடைத்துச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்தாள். நான் நக்கலடித்தேன். அவள் காதில் வாங்கவில்லை.

எரிந்த மாளிகையின் படிகளில் குந்தியிருந்து சாப்பிட்டோம். ஒக்ரோபர் மாதம், அப்பிள் மரங்களில் இலை பாதிதான் மிச்சம், எங்களைத் தவிர ஒரு குஞ்சும் இல்லை. டிலானி வாசலைப் பார்த்தபடி இருந்தாள். வாசல் என்றால், நிலை மட்டும்தான், அதற்குப் பின்னால் வீடு இல்லை, புல்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் ஓர் இறைச்சித்துண்டை எடுத்து அந்த நிலைப்பக்கம் நீட்டினாள்.

"ஆருக்குப் பிள்ளை நீட்டுறாய்?" என்று கேட்டேன்.

"மதாமுக்கு. அவவுக்குப் பசிக்குதாம்."

பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் பழக்கம், பொம்பிளை யாரைக் கண்டாலும் அவளுக்கு மதாம்தான். நான் திரும்பிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. றீற்றா சிலுவை போட்டுக்கொண்டாள். சாப்பாட்டை அப்படியே மூடினாள், மூடுவதற்கு முதல் ஆணியை வெளியே எடுத்து டிலானியின் ஜக்கெற் பொக்கற்றுக்குள் போட்டுப் பட்டனைப் பூட்டினாள்.

"இதை வெளிய எடுக்கப்படாது, சரியோ குஞ்சு?"

"உனக்கென்ன விசரே?" என்றேன் நான். "கனடாப் பேய்க்கு எங்கட ஆணியைப் பற்றி என்ன தெரியும்?"

"நீங்கள் வாயை மூடிக்கொண்டு எழும்புங்கோப்பா, போவம்."

அவசரத்தில் அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. பிள்ளைக்குக் காவல் போட்டாயிற்று. மிச்ச இறைச்சி ஒரு காவலும் இல்லாமல் சாப்பாட்டுப் பையோடு என் கையில் வந்தது.

திரும்பி வரும்போது வெயில் மரங்களுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. றீற்றா செபமாலையை உருட்டிக்கொண்டு முன்னால் விறுவிறென்று நடந்தாள், டிலானி எனக்குப் பக்கத்தில். கடைக்குப் போய் வரும்போது எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு, பையின் ஒரு காதை நான் பிடித்தால் மற்றக் காதை அவள் பிடிப்பாள், தானும் தூக்குகிறாளாம். அன்றைக்கும் அப்படித்தான் வந்தோம். இடையில் என் சப்பாத்து நாடா அவிழ்ந்துவிட்டது. பையை நிலத்தில் வைத்துக் குனிந்து கட்டிவிட்டு நிமிராமலே என் பக்கத்துக் காதைத் தூக்கினேன், மற்றக் காதும் கூடவே எழும்பியது. நடந்தேன்.

பாதை முழுக்க ஈர இலை, இடையிடையே வேர், கண்ணைக் காலிலிருந்து எடுக்க முடியாது. பேசிக்கொண்டே வந்தேன்.

"அம்மா ஏசினதெண்டு கோபமே? அவ அப்பிடித்தான், உனக்குத் தெரியும்தானே."

ஒரு வேரைத் தாண்டிக் கால் வைத்தேன்.

"ஏன் பிள்ளை கதைக்கிறாய் இல்லை?"

பையில் மெல்லிய ஓர் இழுவை மட்டும். நான் சிரித்தேன், நம்புங்கள், சிரித்துக்கொண்டே வந்தேன். கொஞ்சத் தூரம் போன பிறகுதான் இலை நசிகிற சத்தம் காதில் விழுந்தது, என்னுடைய கால் சத்தம் மட்டும். அதற்குப் பிறகு பை. டிலானி பிடித்தால் அவள் பக்கம் எப்போதும் பதிந்துதான் இருக்கும், அவளுடைய கை என் முழங்கால் உயரத்தில் அல்லவா. இப்போது பை நேராக இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே உயரம்.

அந்த நேரம் பார்த்து முன்னால் இருந்து சத்தம் வந்தது. "அப்பா! கெதியா வாங்கோ!"

தலையை உயர்த்திப் பார்த்தேன். கல் கேற்றடியில் றீற்றா நிற்கிறாள், அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு டிலானி. நான் குனிந்து நாடா கட்டிய நேரத்தில் பிள்ளை தாயிடம் ஓடியிருக்கிறாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்பவில்லை. பயம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, மாதாவே என்று கூப்பிடக்கூட வரவில்லை. ஆட்டிறைச்சி மணத்துக்குள்ளே எரிந்த மரத்தின் மணம் ஒன்று, கிட்டத்தில், என் தோளடியில்.

றீற்றா என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பக்கத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கத்திக் குழறினாள்.

"பையை விடுங்கோ! விட்டிட்டு ஓடி வாங்கோப்பா!"

விட்டேன். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, பை விழவில்லை. நான் விட்ட காது மட்டும் சரிந்து தொங்கியது, மற்றக் காது அந்தரத்தில் நிமிர்ந்தபடியே நின்றது. அதற்குப் பிறகு நான் ஓடியது எனக்கு ஞாபகமில்லை, சப்பாத்து ஒன்று கழன்றதும் காருக்குள் இருந்துதான் தெரிந்தது.

காரை எடுத்துப் பெரிய ரோட்டில் ஏறிய பிறகு றீற்றா பிள்ளையின் பொக்கற்றைத் தடவினாள். பட்டன் பூட்டியபடி இருந்தது. ஆணி இல்லை.

"ஆணி எங்க குஞ்சு?"

"மதாம் கேட்டவா, குடுத்திட்டன். படியால இறங்கேக்க."

"அந்த மதாம் என்னெண்டு கேட்டவா? பிரெஞ்சிலயோ?"

"இல்லை, தமிழில. அம்மான்ர குரல்ல."

றீற்றா வீடு வரும்வரை அழுதாள். அன்று இரவே பாதரைக் கூப்பிட்டு வீடு முழுக்கத் தீர்த்தம் தெளித்தோம், பிள்ளையை எங்கள் இருவருக்கும் நடுவில் படுக்கவைத்துக் கையைப் பிடித்தபடி விழித்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. மாதங்கள் போயின, ஒன்றும் நடக்கவில்லை. பை ஏதோ மரக்கொப்பில் கொளுவியிருக்கும், பிள்ளை ஆணியை எறிந்திருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். றீற்றா அன்றைக்கு எனக்குப் பக்கத்தில் எதைக் கண்டாள் என்று இன்றுவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அது போதும் என்று இருந்தேன்.

இப்போது நாங்கள் அஹுன்ட்சிக்கில் இருக்கிறோம், டிலானி யூனிவர்சிற்றிக்குப் போகிறாள். போன மாரியில் ஒரு பின்னேரம் பாலும் பாணும் வாங்க முக்கில் இருக்கிற டெப்பனர் கடைக்குப் போனாள். நான் மேல்வீட்டு ஜன்னலில் நின்றேன். தெருவில் வந்துகொண்டிருந்தாள், ஒரு கையில் போன், மற்றக் கையில் பை. பையின் ஒரு காதைத்தான் பிடித்திருந்தாள். மற்றக் காது தொங்கவில்லை.

அவள் படியேறி வந்ததும் பையை வாங்கிப் பார்த்தேன். மூன்று பை பால், பாண், ஒரு பெரிய போத்தல் ஜூஸ், என் கையே இறங்கியது.

"பாரமா இருக்கேல்லையே பிள்ளை?" என்று கேட்டேன்.

"இல்லையப்பா," என்றாள், சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே. "எனக்குச் சின்னனில இருந்தே பை ஒருநாளும் பாரமா இருக்கிறேல்ல."

றீற்றாவுக்கு நான் இதை இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.